இருபத்திரண்டு அளவுகள்

திருக்கோகர்ணம்
4.2.2024

அன்புள்ள மருமகன் செம்மலுக்கு,

ஷர்லியின் கண் ஆபரேஷனுக்கு நான் குறுக்கே நிற்பதாக ஆலங்குடியில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. ஆபரேஷன் கூடாது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. எந்த இயந்திரத்தில் செய்யப்போகிறார்கள், அதன் ஒளி எவ்வளவு நிலையானது என்று அவள் அம்மாவான என் தங்கை சுகுணாவிடம் கேட்டேன். அவளுக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததை ஒப்புக்கொள்வதற்குப் பதிலாக, "அக்காவுக்கு எல்லாமே ரெக்கார்டு நோட்டு" என்று ஊர் முழுவதும் சொல்லி வருகிறாள்.

நலம் விசாரிக்காமலே தொடங்கிவிட்டேன். ஆண்டவர் அருளால் எனக்குச் சுகம், காது மட்டும் இன்னும் மந்தமாகிவிட்டது. நீயும் ஷீபாவும் சென்னையில் சுகமாக இருக்கிறீர்களா? அவளுடைய முதுகுவலி தேவலையா?

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். கட்டுமாவடி மாப்பிள்ளை விக்ரமின் தாயார் பெண் பார்க்க வந்தபோது, "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு. கண்ணாடிதான் சோடாப்புட்டி மாதிரி இருக்கு" என்றாராம். மைனஸ் ஏழு பவர் உள்ள பெண்ணுக்கு வேறு எந்தக் கண்ணாடி பொருந்தும்? மீன் வியாபாரத்தில் அவர்களுக்கு இருக்கும் ஞானம் ஒளியியலில் இல்லை. ஆனால் ஷர்லி தானே ஆசைப்படுகிறாள். ஆகஸ்டு 28 கல்யாணத்துக்கு முன் முடித்துவிட வேண்டும் என்கிறாள்.

நீ வேலை பார்க்கும் கண் மருத்துவமனையிலேயே செய்வதாக முடிவாம். அந்த லேசரைப் பராமரிப்பவன் நீ. கேஸ் லேசர் எதுவும் ஒரே அளவாக எரிவதில்லை என்பதைக் கல்லூரியில் நானே உனக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். ஆகவே ஒரு மாதத்துக்கு உன் இயந்திரத்தின் தினசரி அளவுகளை எழுதி அனுப்பு. பார்த்துவிட்டு என் கருத்தைச் சொல்கிறேன். போனில் வேண்டாம், எனக்குக் கேட்காது. கேட்டாலும் போனில் சொன்ன எண்ணுக்கு யாரும் பொறுப்பில்லை.

அத்தை,
மி. இன்னாசியம்மாள்


சென்னை
15.2.2024

பாசமுள்ள அத்தைக்குச் செம்மலின் வணக்கம்.

நாங்கள் இருவரும் நலம். ஷீபாவுக்கு முதுகுவலி குறைந்திருக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "பெரிய அத்தை மார்க் போடப் போறாங்க, பத்திரமா எழுதுங்க" என்று சிரித்தாள்.

எங்கள் இயந்திரத்தில் ஆர்கானும் ஃபுளோரினும் கலந்த கேஸ் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஊதா கடந்த ஒளி. நீங்கள் லேபில் காட்டிய சிவப்பு லேசர் மாதிரி தொடர்ந்து எரியாது, துடிப்பு துடிப்பாக வரும். ஒவ்வொரு துடிப்பும் கருவிழியில் முடியின் பருமனில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகச் செதுக்கும். தினமும் காலையில் முதல் நோயாளிக்கு முன் ஒரு பிளாஸ்டிக் அட்டையில் சுட்டுப் பார்ப்போம். சக்தியின் சராசரி நூறு இருக்க வேண்டும். கேஸ் பழசானால் சக்தி குறையும். அப்போது வோல்டேஜை ஏற்றிச் சரிக்கட்டலாம். அதற்கும் ஓர் எல்லை உண்டு. எல்லைக்கு முன் புது கேஸ் நிரப்பிவிடுவோம். ஜனவரி 18-ஆம் தேதி நிரப்பினோம்.

ஞாயிறுகளும் விடுமுறைகளும் போக ஜனவரியின் இருபத்திரண்டு அளவுகளைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். ஷர்லியை நான் பார்த்துக்கொள்கிறேன் அத்தை. சின்ன அத்தை மகள் எனக்கும் வேண்டியவள்தானே.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
செம்மல்


திருக்கோகர்ணம்
24.2.2024

அன்புள்ள செம்மலுக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கு இறைவனுக்கு நன்றி.

தாள் கிடைத்தது. உன் கையெழுத்து மாறவில்லை, உருண்டையாக, ஒரு அடித்தலும் இல்லாமல் இருக்கிறது. அளவுகளும் அப்படியே. 99.7-க்குக் கீழே போகவில்லை, 100.3-க்கு மேலே ஏறவில்லை. படித்ததும் நான் வகுப்பில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

சென்ற ஞாயிறு திருப்பலி முடிந்து பங்குத்தந்தை முன்னிலையிலேயே சுகுணாவிடம் சொல்லிவிட்டேன்: "நானே அளவுகளை வாங்கிப் பார்த்தேன். நல்ல இயந்திரம். தாராளமாகச் செய்யலாம்." அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "அக்கா சொல்லிட்டா அப்பறம் என்ன" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். மூன்று வாரம் என்னைக் கேலி பேசிய அதே வாய்.

பள்ளி விடுமுறையில், மே 15-ஆம் தேதி என்று குறித்திருக்கிறார்கள். ஷர்லி ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் தேர்வுத் தாள்களைத் திருத்தி முடித்துவிட்டு வருவாள். அவளுடன் சுகுணா வருகிறாள்.

ஷீபாவைக் கேட்டதாகச் சொல்.

அத்தை


சென்னை
20.3.2024

பாசமுள்ள அத்தைக்கு,

நலம். வெயில் இப்போதே கொளுத்துகிறது. உங்கள் பாராட்டைப் படித்து ஷீபாவுக்கு ஒரே பெருமை. எனக்கும்தான்.

வேலை அதிகம். இங்கிட்டு நிற்க நேரமில்லை, அங்கிட்டு உட்கார நேரமில்லை. ஒரே நாளில் பதினான்கு கண்கள்கூடச் செய்கிறோம். புது கேஸ் சிலிண்டர் வெளிநாட்டிலிருந்து வரத் தாமதமாகிறது. வந்துவிடும் என்கிறார் டாக்டர்.

போன வாரம் ஒரு வங்கி ஊழியர் திரும்பி வந்தார். விளக்குகளைப் பார்த்தால் முள் முள்ளாகத் தெரிகிறதாம். கண் உலர்ந்திருக்கிறது, சொட்டு மருந்து போட்டால் சரியாகும் என்று டாக்டர் அனுப்பினார். எத்தனையோ பேர் நன்றாக இருக்கிறார்கள், இப்படி ஓரிருவர் வரத்தான் செய்வார்கள்.

ஷர்லிக்கு முன்பதிவு செய்துவிட்டேன். ஈஸ்டர் வாழ்த்துகள், அத்தை.

செம்மல்


திருக்கோகர்ணம்
5.4.2024

அன்புள்ள செம்மலுக்கு,

ஈஸ்டர் வாழ்த்துக்கு நன்றி. சுகமாக இருக்கிறேன்.

விடுமுறைப் பொழுதில் ஒரு காரியம் செய்தேன். நான் ஓய்வுபெற்றபோது கல்லூரி லேபில் கழித்துக் கட்டிய ஹீலியம்-நியான் லேசரைக் கேட்டு வாங்கி வந்தது உனக்கு நினைவிருக்கும். அதைப் பரணிலிருந்து முனியாயியை எடுக்கச் சொன்னேன். வீட்டு வேலைக்கு வரும் முனியாயிக்கு என்னைக் கேள்வி கேட்க யார் அதிகாரம் கொடுத்ததென்று தெரியவில்லை. "ஏம்மா, செவுத்துல செவப்புப் பொட்டு வச்சுட்டு அதையே பாத்துக்கிட்டு இருக்கீங்களே, அது எந்திரிச்சு வந்து காப்பித்தண்ணி போட்டுத் தருமா?" என்றாள்.

சுவரில் அந்தப் புள்ளி விழுந்த இடத்தில் ஒரு சோலார் செல்லை ஒட்டி, மீட்டரை இணைத்து, அரை நிமிடத்துக்கு ஒரு முறை குறித்தேன். குழாய் சூடாகிக் கண்ணாடி நீளும்போது ஒளி ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. முனியாயி கதவைப் படீரென்று சாத்தியபோது எண் குதித்தது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு கொஞ்சம் அடங்கியது. அடங்கிய பிறகு 412 வந்தது. அடுத்தும் 412. அடுத்தும் 412. பிறகு 409.

அதை எழுதும்போதுதான் உன் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

99.7-லிருந்து 100.3 வரை ஏழே எண்கள்தான் உன் தாளில் மாறி மாறி வருகின்றன. இருபத்திரண்டு நாட்களில் ஒரு நாள்கூட முந்தைய நாளின் எண் திரும்ப வரவில்லை. உண்மையான அளவில் அது திரும்ப வரும், எதுவும் அதைத் தடுக்காது. மனதிலிருந்து எழுதுகிறவன்தான், ஒரே எண்ணை இரண்டு முறை எழுதினால் சந்தேகம் வரும் என்று நினைத்துத் தவிர்ப்பான். இருபத்தெட்டு ஆண்டுகள் மாணவர்களின் நோட்டுகளைத் திருத்தியவளுக்கு இது தெரியும். பிப்ரவரியில் எனக்குத் தெரியாமல் போனது ஏன் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று. 18-ஆம் தேதி புது கேஸ் நிரப்பினாய். 17 வரை பழையது. அந்த மாற்றத்தின் அடையாளம் எங்கே? சராசரியை வோல்டேஜ் சரிக்கட்டியது என்பாய். சரி, அப்படியானால் வோல்டேஜ் அளவுகளை அனுப்பு. பிப்ரவரி, மார்ச் இரண்டுக்கும் தினசரி சராசரியுடன், மிக அதிகமான துடிப்பு எது, மிகக் குறைவான துடிப்பு எது என்றும் எழுது. சராசரி நூறாக இருக்கலாம். கண்ணைச் செதுக்குவது சராசரி அல்ல, ஒவ்வொரு துடிப்பும் தனித்தனியாக.

நீ பொய் எழுதினாய் என்று நான் சொல்லவில்லை. கேட்கிறேன். அந்த வங்கி ஊழியருக்கு இப்போது எப்படி இருக்கிறது?

அத்தை


சென்னை
29.4.2024

அத்தைக்கு,

நலம். உங்கள் கடிதம் கிடைத்து நாளாகிவிட்டது, மன்னிக்கவும். ஷீபாவுக்குக் காய்ச்சல், இப்போது எழுந்துவிட்டாள். இங்கே தண்ணீருக்கும் தட்டுப்பாடு. காலையில் லாரி வருகிற நேரத்தில்தான் நான் கிளம்ப வேண்டியிருக்கிறது.

தினசரி அளவுகளை எழுதும் லாக் புத்தகம் இப்போது டாக்டர் அறையில் இருக்கிறது. தணிக்கைக்கு வைத்திருக்கிறார்கள். திரும்ப வந்ததும் எழுதுகிறேன்.

வோல்டேஜ் விஷயம் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை அத்தை. இந்த இயந்திரங்கள் இப்போது தாமாகவே சரிசெய்துகொள்ளும். நம் லேப் காலம் இல்லை.

நான் புதிதாக எதையும் செய்யவில்லை. நீங்கள் லேபில் எப்படிச் சொல்லிக்கொடுத்தீர்களோ அப்படித்தான் எழுதுகிறேன்.

நார்த்தாமலையில் பூச்சொரிதல் கூட்டத்தில் நம் பக்கத்து ஆட்களை நியூஸில் காட்டினார்கள் என்று ஷீபா சொன்னாள். நான் பார்க்கவில்லை. சரியாகத் தூங்குவதே இல்லை.

செம்மல்


திருக்கோகர்ணம்
3.5.2024
விரைவு அஞ்சல்

அன்புள்ள செம்மலுக்கு,

ஷீபாவின் காய்ச்சல் தணிந்ததற்கு மகிழ்ச்சி.

உன் கடிதத்தில் ஒரு வாக்கியத்தை நான் பலமுறை படித்தேன். நான் சொல்லிக்கொடுத்தபடி எழுதுகிறாய் என்பது.

எனக்கு நினைவிருக்கிறது. நீ இரண்டாம் ஆண்டு. அதே சிவப்பு லேசர். உன் அளவுகள் தாறுமாறாக இருந்தன. சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டு, "அத்தை மருமகன் என்று சலுகை கிடையாது" என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். மறுபடி எடுத்து வந்தாய். மறுபடியும் ஏறி இறங்கியது. தாளையே கிழித்தேன். மூன்றாம் முறை கோடு போட்டது போல வந்தது. பத்துக்குப் பத்து போட்டு வகுப்பு முழுவதும் சுற்றிக் காட்டினேன். "இதுதான் கை சுத்தம்" என்றேன்.

அன்று நீ கண்டதுதான் சரி. அந்தக் குழாய் அப்படித்தான் எரியும். முதல் ஒரு மணி நேரம் அதைச் சூடாக விட்ட பிறகுதான் அளக்க வேண்டும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு பீரியடுக்குள் முடிக்க வேண்டும் என்பதால் சொல்லவில்லை. சரியான அளவைக் கிழித்துவிட்டுப் பொய்யான அளவுக்கு மார்க் போட்டேன். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லிப் பழக்கமும் இல்லை.

இப்போது நேராகக் கேட்கிறேன். ஜனவரியில் புது கேஸ் நிரப்பினீர்களா? வோல்டேஜ் எல்லையைத் தொட்டுவிட்டதா? 15-ஆம் தேதி ஷர்லி அந்த இயந்திரத்தின் கீழே படுக்கலாமா, கூடாதா? ஒரு வரி போதும். சுகுணாவிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. உன் பதில் வந்த பிறகு சொல்வதுதான் முறை என்று காத்திருக்கிறேன்.

அத்தை


சென்னை
18.5.2024

பாசமுள்ள அத்தைக்கு,

நலம். ஷர்லியின் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அவள் ரொம்பத் தைரியசாலி. சின்ன அத்தைதான் வெளியே அழுதுகொண்டிருந்தார்கள். 17-ஆம் தேதி இருவரையும் ராக்போர்ட் ரயிலில் ஏற்றிவிட்டேன். சொட்டு மருந்துகளை வேளை தவறாமல் போடச் சொல்லுங்கள்.

ஷீபா உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

செம்மல்


ஆலங்குடி
27.5.2024

அன்புள்ள பெரியம்மாவுக்கு ஷர்லி எழுதுவது.

பெரியம்மா, நலமாக இருக்கிறீர்களா? உங்களுக்குப் போன் கேட்காது என்பதால் எழுதுகிறேன். அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். முனியாயி அக்காவின் தம்பி திருப்பதி அண்ணன் இங்கே ஓடும் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருப்பதால் அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

எனக்கு வலது கண் மட்டும்தான் செய்தார்கள். இது உங்களுக்குத் தெரியுமா? அம்மா யாரிடமும் சொல்லவில்லை.

உள்ளே படுக்கவைத்து மேலே ஒரு பச்சை விளக்கைப் பார்க்கச் சொன்னார்கள். டக், டக், டக் என்று ஒரே சீராகச் சத்தம் வந்தது. நான் மனதுக்குள் அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் ஒரு பெரிய சத்தம். அதற்குப் பிறகு சத்தம் சீராக இல்லை. ஒன்று லேசாக, ஒன்று பலமாக. டாக்டர் "செம்மல்?" என்று மட்டும் கேட்டார். அத்தான் இரண்டு முறை ஏதோ பட்டனைத் தட்டினார். பிறகு "ஓகே டாக்டர், கன்டினியூ பண்ணுங்க" என்றார். அவர் குரல் அவர் குரலாக இல்லை.

முடிந்ததும் இடது கண்ணை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுப்பிவிட்டார்கள். வெளியே அத்தான் என்னைப் பார்க்கவே இல்லை, பெரியம்மா. ரயிலில் ஏற்றும்போதுகூட என் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாதா படத்துக்கு முன் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினால் வலது கண்ணுக்கு மூன்றாகத் தெரிகிறது. மூன்றிலும் முள் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால், ஒரு கண் மட்டும் செய்தால் அப்படித்தான் இருக்கும், இரண்டையும் செய்தால் சமமாகிவிடும் என்கிறார்கள். ஜூன் 19 இடது கண்ணுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். "கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கிறதுக்குள்ள ரெண்டு கண்ணும் முடிஞ்சிரணும். கட்டுமாவடிக்குத் தெரிஞ்சுச்சு, அம்புட்டுத்தான்" என்கிறார் அம்மா.

எனக்குப் பயமாக இருக்கிறது. இப்போது என் இடது கண்ணால்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். அன்று ஆபரேஷனுக்குப் படுக்கும்போதும் கொஞ்சம் பயம் இருந்தது. பெரியம்மாவே அளவெல்லாம் பார்த்து நல்ல மெஷின் என்று சொன்னார்கள் என்று அம்மா சொன்னார். அதற்குப் பிறகுதான் படுத்தேன்.

உங்கள் அன்பு மகள்
ஷர்லி


திருக்கோகர்ணம்
1.6.2024
பதிவு அஞ்சல்

செம்மலுக்கு,

நான் சுகமாக இல்லை. நீயும் சுகமாக இருக்க முடியாது என்று தெரியும்.

ஷர்லி எழுதியிருக்கிறாள். ஒரே கண்தான் என்று உன் கடிதத்தில் இல்லை. பாதியில் கேட்ட சத்தமும் இல்லை. உன்னைக் கண்டிக்க எனக்கு உரிமை குறைவு, ஏனென்றால் மே 3-ஆம் தேதி நான் செய்ததும் அதுதான். பதில் வரட்டும் என்று முறை பேசினேன். உண்மை அதுவல்ல. பங்குத்தந்தை முன்னிலையில் "நானே பார்த்தேன்" என்று சொன்ன வாயால், "எனக்குத் தவறிவிட்டது" என்று சுகுணாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. உன் பதில் இல்லாமலே அந்த ஒரு வாக்கியத்தை நான் சொல்லியிருக்கலாம். பன்னிரண்டு நாட்கள் இருந்தன. ஆலங்குடிக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். நான் போகவில்லை.

நேற்றுப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், கிழித்த தாள் உட்பட. சுகுணா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. "அன்னைக்கி நல்ல மெஷினுன்னு சொன்னதும் நீதான். இன்னைக்கிக் கெட்ட மெஷினுங்கறதும் நீதான். ஒனக்கு வயசாயிருச்சுக்கா. செவத்துல லைட்டு அடிச்சுக்கிட்டு ஒக்காந்துருக்கியாமே, முனியாயி சொன்னா. பேசாம வீட்டுல இரு" என்றாள். நான் கிளம்பினேன். ஷர்லி வாசல்வரை வந்தாள். என் கையைப் பிடித்தபோது ஒரு விரல் தள்ளிப் பிடித்தாள். பிறகு சரியாகப் பிடித்தாள்.

அங்கிருந்து அறந்தாங்கிக்குப் போய் ஒரு கண் மருத்துவரிடம் கேட்டேன். வலது கண்ணில் மேடும் பள்ளமுமாகச் செதுக்கப்பட்டிருக்கலாம், சோதித்துத்தான் சொல்ல முடியும், ஆனால் அன்றைய சக்தி அளவுகள் இருந்தால் அடுத்து என்ன செய்யலாம் என்று திட்டமிட முடியும் என்றார். இடது கண்ணைத் தொடக் கூடாது என்று சொல்ல அவருக்கும் ஒரு தாள் வேண்டும். என் சொல் இனி யாரையும் நிறுத்தாது. உன் தாள் நிறுத்தும்.

இதனால் உன் வேலை போகும் என்பது தெரியாமல் நான் கேட்கவில்லை. விசாரணை வந்தால், உனக்கு எழுதப் பழக்கியவள் நான் என்று அவர்களிடமும் எழுத்தில் தருவேன். நீயும் ஷீபாவும் இங்கே வந்து இருக்கலாம். மாடி காலியாகத்தான் இருக்கிறது.

19-ஆம் தேதி ஷர்லியை மறுபடி படுக்கவைப்பார்கள். அதற்கு முன் எனக்கு வேண்டியது: மே 15 காலை பிளாஸ்டிக் அட்டையில் சுட்டபோது நீ மீட்டரில் கண்ட சராசரி, மிக அதிகம், மிகக் குறைவு, வோல்டேஜ். பாதியில் சத்தம் வந்த பிறகு திரையில் கண்ட எண்கள். கடைசியாக எந்தத் தேதியில் புது கேஸ் நிரப்பினீர்கள் என்பது. புத்தகத்தில் நீ எழுதியவை வேண்டாம். கண்டவை வேண்டும். அடித்தல் திருத்தல் இருந்தாலும் பரவாயில்லை.

கையெழுத்திட்டு, தேதி போட்டு, இந்தக் கடிதம் கிடைத்த அன்றே பதில் எழுதி அனுப்பு.

இன்னாசியம்மாள்